கப்பல் நின்ற இடம்

உபாத்தியாயர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு பாடத்தை இருபது வருஷம் நடத்திவிட்டால், அது தமக்குத் தெரிந்துவிட்டதாகவே எண்ணிக் கொள்வார்கள். நாமும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்தாம் என்பது சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமையன்று, பிற்பகல் மூன்றாம் பீரியடில், முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் முன்னிலையில் வெட்டவெளிச்சமாயிற்று.

சேத்தூரில் எட்டாம் வகுப்புக்குச் சுதேசிக் கப்பல் பாடம் நடத்தும்போதெல்லாம் கரும்பலகையில் ஒரு சித்திரம் போடுவது நமது வழக்கம். இடது பக்கம் கரை. கரையில் ஒரு தென்னைமரம். கரையை ஒட்டினாற்போல் புகைபோக்கியுடன் ஒரு கப்பல். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஒரு பலகை. பலகையின்மேல் தலைப்பாகையுடன் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை. படம் நன்றாகவே அமையும். அதைப் பார்த்து நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொண்ட பிள்ளைகள் இன்று பிள்ளை பெற்றவர்களாக இருக்கிறார்கள்.

அன்றைக்குக் கடைசி பெஞ்சியிலிருந்து ஒரு பையன் எழுந்து நின்றான். "சார், அந்தக் கப்பல் தூத்துக்குடியில எந்த எடத்துல சார் நின்னுச்சு?" என்றான்.

"துறைமுகத்தில்தான்" என்றோம்.

"இப்ப இருக்கிற துறைமுகத்துலயா சார்? அது 1974-ல தான் வந்துச்சுன்னு புஸ்தகத்துல போட்டிருக்கே?"

பையனுடைய தகப்பனார் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பல தடவை தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் சுமை கொண்டு போகிறவர். ஆகவே அவனுக்கு அந்த ஊர் வெறும் பாடப் பெயர் அல்ல. தகப்பனார் இராத்திரி சாப்பாட்டுக்கு வராத காரணம். நமக்கோ, எழுபது மைல் தூரத்திலுள்ள அந்த ஊர் திருச்செந்தூருக்குப் போகிற வழியில் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்த ஊர். "திங்கட்கிழமை சொல்கிறேன், உட்கார்" என்று சொல்லிவிட்டு, பலகையைத் துடைக்கப் போனோம். ஆனால் துடைக்கக் கை வரவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

சனிக்கிழமை விடியற்காலையில் நாமும், நம் வீட்டு அம்மாளும், பன்னிரண்டு வயதுப் பெண்ணும், ஒன்பது வயதுப் பையனுமாக நான்கு பேர் சேத்தூர்ச் சாலையில் பஸ்ஸுக்கு நின்றோம். மேற்கே மலை இன்னும் கறுத்துத்தான் இருந்தது. இந்த மலையிலே பெய்கிற மழை ஓடைகளாய் இறங்கி, கண்மாய்களையெல்லாம் நிரப்பிவிட்டு மிஞ்சினால், வைப்பாற்றில் சேர்ந்து தூத்துக்குடிக்கு வடக்கே கடலில் விழுகிறது. மிஞ்சுவது எப்போதாவதுதான். அன்று அந்தத் தண்ணீர் போகும் திசையிலேயே நாங்களும் புறப்பட்டோம் என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம். பையன் அதைக் காதில் போட்டுக் கொள்ளாமல் தூங்கிவிட்டான்.

இராஜபாளையத்தில் ஒரு பஸ், கோவில்பட்டியில் ஒரு பஸ் என்று மாறினோம். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்காமல் யாரும் மேலே போக முடியாது, நாங்களும் வாங்கினோம். அதற்கப்பால் கரிசல் பூமி. மலையடிவாரத்துத் தென்னையையும் மாவையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, வெடித்துக் கிடக்கும் அந்தக் கறுப்பு மண் முதலில் பாழ் நிலம் போலத் தோன்றும். பருத்தியும் மிளகாயும் கம்பும் அதில் விளைகின்றன என்பதை நம்புவதற்குச் சற்று நேரம் ஆகிறது.

எட்டயபுரத்தில் இறங்கி ஒரு மணி நேரம் செலவிட்டோம். பாரதியார் பிறந்த வீட்டையும், 'கல்கி' பத்திரிகை திரட்டிய பொதுமக்கள் நிதியால் எழுந்த மணிமண்டபத்தையும் பார்த்தோம். அந்த மண்டபத்துக்கு ஸ்ரீ ராஜாஜி 1945-ல் அடிக்கல் நாட்டினார். 1947-ல் அவரே திறந்து வைத்தார். இவ்விஷயங்கள் நேயர்களுக்குத் தெரிந்தவையே. ஆனால் அங்கே நின்றபோது நம் நினைவுக்கு வந்தவர் பாரதியார் அல்லர், அவருடைய தகப்பனார் சின்னசாமி ஐயர். அவர் இந்தக் கரிசல் பருத்தியை நம்பி எட்டயபுரத்தில் ஒரு பருத்தியரவை ஆலை தொடங்கினார். வெள்ளைக்காரக் கம்பெனிகளின் போட்டிக்கு முன் அது நிற்கவில்லை. பணத்தையெல்லாம் இழந்து 1898-ல் அவர் காலமானார். சுதேசிக் கப்பலுக்கு எட்டு வருஷம் முன்னாலேயே இந்தச் சீமையில் ஒரு சுதேசி முயற்சி இப்படி முடிந்திருந்தது. அந்தக் குடும்பத்தோடு சிநேகம் கொண்ட ஒட்டப்பிடாரத்து வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான் அவர் கப்பல் விடப் போனார் என்று நாம் நினைக்கிறோம்.

எட்டயபுரத்திலிருந்து தூத்துக்குடிச் சாலை அகலமானது. இரண்டு பக்கமும் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக இரும்புப் பெட்டிகளைச் சுமந்து போகின்றன. விழித்துக் கொண்ட பையன் ஒவ்வொரு பெட்டியிலும் எழுதியிருந்த பெயரைப் படித்துக் கொண்டே வந்தான். ஒன்றில் "ஹூண்டாய்" என்று இருக்கவே, "உள்ளே கார் இருக்குமாப்பா?" என்று கேட்டான். கார் அல்ல, அது ஒரு கொரியக் கப்பல் கம்பெனியின் பெயர் என்றோம். பேச்சு கொரியாவுக்குப் போயிற்று. அந்தத் தேசத்திலும் தூத்துக்குடி போலக் கடலோரத்தில் புஸான் என்று ஒரு நகரம் உண்டு. ஜப்பான் வற்புறுத்தி எழுதி வாங்கிய உடன்படிக்கையால் 1876-ல் அந்தத் துறை அந்நிய வர்த்தகத்துக்குத் திறக்கப்பட்டது. தூத்துக்குடிக்கு ரயில் வந்ததும் அதே 1876-ல் தான். பிறகு 1910 முதல் 1945 வரை கொரியா முழுவதுமே ஜப்பானுக்கு அடிமைப்பட்டுக் கிடந்தது. இன்றோ உலகத்திலேயே அதிகமாகக் கப்பல் கட்டும் இரண்டு மூன்று தேசங்களில் அது ஒன்று. "நாமளும் கட்டலாம்ல?" என்றான் பையன். கட்டத்தான் பார்த்தோம், அதைப் பார்க்கத்தான் போகிறோம் என்றாள் பெண். நாம் சொல்லாத பதில் அது.

தூத்துக்குடி வந்து சேர்ந்தபோது பகல் பதினொரு மணி. வெயில் கடுமையானது; ஆனால் அதில் உப்பின் வாசனை கலந்திருந்தது. ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் அறை எடுத்துக் கொண்டு, சாப்பாட்டை முடித்துவிட்டு, கப்பலைத் தேடப் புறப்பட்டோம்.

கப்பலைத் தேடுவது என்றால் என்ன? பெயரைத் தேடுவதானால் கஷ்டமே இல்லை. துறைமுகத்துக்கு 2011 முதல் அவர் பெயர்தான். கல்லூரிக்கு அவர் பெயர். ஊரில் எந்தத் திசையில் திரும்பினாலும் வ. உ. சி. என்ற மூன்றெழுத்து கண்ணில் படும். ஆட்டோக்காரரிடம், "அவருடைய கப்பல் நின்ற இடத்துக்குப் போக வேண்டும்" என்றோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். "சிவாஜி படத்துல வருமே, அதா சார்?" என்றார். 1961-ல் வெளிவந்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தைத்தான் சொன்னார். நம்முடைய கரும்பலகைச் சித்திரமும் அந்தப் படத்திலிருந்து வந்தது போலும் என்ற சந்தேகம் அப்போதுதான் தோன்றிற்று. கடைசியில் அவர் யோசித்து, "பழைய ஹார்பர் பக்கம் விடுறேன், அங்க விசாரிச்சுப் பாருங்க" என்று பீச் ரோட்டில் கொண்டு விட்டார்.

தூத்துக்குடிக் கடல் முதல் பார்வைக்கு ஏமாற்றமாகவே இருக்கும். திருச்செந்தூரில் அலை கரையை அறைகிற சப்தம் தெருவில் கேட்கும். இங்கே கடல் ஒரு பெரிய கண்மாயைப் போலச் சாதுவாகக் கிடக்கிறது. "அலையே இல்லையே" என்று பெண் முகத்தைச் சுளித்தாள். எதிரே இலங்கை, அதற்கு முன்னே மன்னார் வளைகுடாவின் சிறு தீவுகளும் பவளப் பாறைகளும். எல்லாமாகச் சேர்ந்து காற்றையும் அலையையும் தடுத்து விடுகின்றன. முற்காலத்தில் இந்தக் கடலின் அடியில்தான் பாண்டியர்களின் முத்து விளைந்தது. கடைசி முத்துக் குளிப்பு 1961-ல் நடந்தது. ஊருக்கு முத்துநகர் என்ற பெயர் மட்டும் மிச்சம். சங்குக் குளிப்பு இன்னும் உண்டு. இங்கே மூழ்கி எடுக்கிற சங்கு வங்காளத்துக்குப் போய்ச் சுமங்கலிகளின் வளையலாகிறது.

பழைய துறைமுகத்தின் பக்கம் மரத்தோணிகள் நின்றன. நாம் எதிர்பார்த்ததைவிடப் பெரியவை. வெங்காய மூட்டை, செங்கல், ஜல்லி, சிமெண்டு என்று ஏற்றிக் கொண்டிருந்தார்கள். மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் போகிற சரக்கு. ஒரு காலத்தில் பாய் விரித்துக் கொழும்புக்கு ஓடிய தோணிகளின் சந்ததி இவை. இப்போது எஞ்சின் வைத்திருக்கிறது. வாசலில் இருந்தவர் உள்ளே விட முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். எதிரே இருந்த டீக்கடைப் பெஞ்சியில் உட்கார்ந்தோம். அங்கே எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர், கால்மேல் கால் போட்டுக் கொண்டு, சரக்கு ஏற்றுகிறவர்களின் குற்றங்குறைகளைத் தமக்குத் தாமே சொல்லிக் கொண்டிருந்தார். அதிலிருந்தே தோணியில் வேலை பார்த்தவர் என்று தெரிந்தது.

"அண்ணாச்சி, வ. உ. சி. கப்பல் எந்த இடத்தில் நின்றிருக்கும்?" என்று கேட்டோம்.

"நீங்க எந்தூரு?"

"சேத்தூர். வாத்தியார் வேலை."

"வாத்தியாரா? அப்பச் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. கப்பலு எங்கய்யா கரைக்கு வரும்? இங்க ஆழம் ஏது? எங்க காலத்துலயே வராதே. புது ஹார்பர் கட்டுததுக்கு முந்தி, நான் சின்னப் பையலா இருக்கையில, கப்பலுன்னா அந்தா, அஞ்சாறு மைலு தள்ளித்தான் நங்கூரம் போடும். நாங்க தோணியில சரக்க ஏத்திக்கிட்டுப் போயி, கப்பலுக்கு அண்டக் குடுத்து, மேல ஏத்தணும். காத்தடிக்கிற மாசத்துல மூட்டை கடலுக்குள்ள விழும், ஆளும் விழுவான். பிள்ளைவாள் கப்பலும் அங்கதான் நின்னிருக்கும். வேற எங்க நிக்கும்?"

நேயர்களே, இருபது வருஷத்துப் படம் அந்த டீக்கடை வாசலில் அழிந்தது. கப்பலுக்கும் கரைக்கும் நடுவே நாம் போட்டிருந்த பலகை ஐந்தாறு மைல் நீளமாயிற்று.

பெரியவர் சொன்னது முழுக்க உண்மை. தூத்துக்குடியில் கரையோரம் ஆழமில்லாததால் நீராவிக் கப்பல்கள் வெகு தூரம் தள்ளியே நின்றன. கொழும்புக்குப் போகிறவர்கள் ரயிலில் வந்து இறங்கி, படகேறி, கடலுக்குள் போய்த்தான் கப்பல் ஏற வேண்டும். இந்த நிலை 1974-ல் புதிய துறைமுகம் வரும் வரையில் நீடித்தது. அதைக் கட்டினவர்கள் என்ன செய்தார்கள் என்றால், ஒவ்வொன்றும் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு கல் அணைகளைக் கடலுக்குள் நீட்டினார்கள். ஆழம் கரைக்கு வராது என்று தெரிந்து, கரையை ஆழத்துக்குக் கொண்டு போனார்கள்.

இது தெரிந்த பிறகு சுதேசிக் கம்பெனியின் கதையே நமக்கு வேறு விதமாகப் புலப்பட்டது. பெஞ்சியிலேயே உட்கார்ந்து பிள்ளைகளுக்கு அதை மறுபடியும் சொன்னோம். பெரியவரும் கேட்டுக் கொண்டிருந்தார். 1906 அக்டோபர் 16-ஆம் தேதி கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு இருபத்தைந்து ரூபாய் வீதம் நாற்பதாயிரம் பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்பவர் எண்ணாயிரம் பங்குகளை எடுத்துக் கொண்டு இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்தார். பிள்ளையவர்கள் வகித்தது உதவிக் காரியதரிசிப் பதவிதான்; ஆனால் ஊர் ஊராய் அலைந்தது அவர் கால்கள். முதலில் வாடகைக் கப்பல் எடுத்தார்கள். எதிரிகள் மிரட்டியதில் கப்பல் கொடுத்த பம்பாய்க் கம்பெனி அதைத் திரும்பப் பெற்றுக் கொண்டது. சொந்தக் கப்பலோடுதான் திரும்புவேன் என்று பிள்ளையவர்கள் பம்பாய்க்குப் போனார். 1907 மே மாதம் 'காலியா' என்ற கப்பல் தூத்துக்குடிக்கு வந்தது. ஊர் திரண்டு நின்று பார்த்தது என்று படித்திருக்கிறோம். அப்படியானால் அந்த ஜனங்கள் பார்த்தது என்ன? அடிவானத்தில் ஒரு புகை. அதன் கீழே ஒரு கறுப்புப் புள்ளி. அந்தப் புள்ளிக்காகத்தான் இருபத்தைந்து ரூபாய் கொடுத்தார்கள்.

பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி கொழும்புக் கட்டணத்தை ஆளுக்கு ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. வெள்ளைக்காரர்கள் இலவசமாகவே ஏற்றிக் கொள்கிறோம் என்றார்கள். ஏறுகிறவர்களுக்கு ஒரு குடையும் தருவதாகச் சொன்னார்கள்.

"குடை குடுத்தா நாம எதுல ஏறியிருப்போம்?" என்று பையன் கேட்டான்.

சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. அன்று காலையில்தான் கோவில்பட்டி நிலையத்தில் கட்டணம் நாலு ரூபாய் குறைவு என்பதற்காக ஒரு பஸ்ஸை விட்டு வேறொரு பஸ்ஸில் ஏறியிருந்தோம். வீட்டு அம்மாள் நம் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடல் பக்கம் திரும்பிக் கொண்டாள். பெரியவர்தான் காப்பாற்றினார். "குடை எதுக்குய்யா? இங்க மழையே பெய்யாதே!" என்று சொல்லிச் சிரித்தார்.

பிறகு நடந்தது துயரமான வரலாறு. 1908 பிப்ரவரி 27-ல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். பிள்ளையவர்களும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். பத்து நாளைக்குள் கூலி உயர்வோடு அது வெற்றி பெற்றது. இராஜபாளையத்து நூற்பாலைகளின் சங்கைக் கேட்டு வளர்கிற எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு, கப்பலைவிட இந்தச் செய்தி நன்றாகப் புரிகிறது என்பது நம் அனுபவம். கம்பெனிக்கு மூச்சு முட்டிக் கொண்டிருந்த நேரத்தில், அதன் காரியதரிசி பிறருடைய கூலிக்காகத் தெருவில் இறங்கினார் என்பதைப் பாடப் புத்தகம் இரண்டு வரியில் முடித்து விடுகிறது. மார்ச் 12-ல் அவரைக் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கலகம். துப்பாக்கிப் பிரயோகத்தில் நால்வர் மாண்டனர். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. மேல் விசாரணையில் அது குறைந்தது. கோயமுத்தூரிலும் கண்ணனூரிலும் சிறை; மாட்டுக்குப் பதிலாகச் செக்கு இழுத்தார். அந்தச் செக்கைச் சென்னை காந்தி மண்டப வளாகத்தில் இன்றும் காணலாம். 1911-ல் கம்பெனி கலைந்தது; கப்பலும் கைமாறிப் போயிற்று. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது, கடலில் பார்ப்பதற்குப் புள்ளிகூட இல்லை.

துப்பாக்கிப் பிரயோகம் என்று சொன்னபோது பெரியவரின் முகம் மாறிற்று. "நாலு பேரு அப்ப. இப்ப பதிமூணு" என்றார். 2018 மே 22-ஆம் தேதி தாமிர ஆலையை எதிர்த்துக் கலெக்டர் ஆபீசை நோக்கிப் போன ஜனங்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டைச் சொன்னார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மாலையில் பனிமய மாதா கோயிலுக்குப் போனோம். 1713-ல் கட்டிய கோயில். 1982-ல் பஸிலிக்கா என்ற அந்தஸ்து பெற்றது. மாதாவின் சொரூபம் 1555-ல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பார்கள். கடலோடிகளான பரதவர்கள் ஆணும் பெண்ணுமாய் ஈரத் தலையோடு வந்து முழங்காலிட்டிருந்தார்கள். நம் வீட்டு அம்மாள் கண்ணை மூடிக் கொண்டு வெகு நேரம் நின்றாள். என்ன வேண்டிக் கொண்டாள் என்று கேட்டதற்கு, "கடல்ல போறவங்களுக்காக" என்றாள். வரும் வழியில் பிள்ளைகளுக்கு மக்ரூன் வாங்கிக் கொடுத்தோம். முட்டை வெள்ளைக் கருவும் சர்க்கரையும் முந்திரியும் சேர்த்துச் சுடுகிற வெண்மையான தின்பண்டம். வாயில் வைத்ததும் கரைந்து விடுகிறது. மேல் நாட்டில் வாதுமைப் பருப்பில் செய்வது. இந்த ஊருக்கு வந்து முந்திரிக்கு மாறிவிட்டது. அந்நியச் சரக்கை இப்படிச் சுதேசியாக்குவதில் நமக்கு ஆட்சேபணை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சூரியோதயத்தில் உப்பளங்களுக்குப் போனோம். தமிழ்நாட்டில் உப்பு என்றால் தூத்துக்குடிதான். பூமிக்கடியிலிருந்து உப்புநீரை இறைத்து, தெப்பத்திலிருந்து பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலில் காய விட்டு, அடியில் படிகிற உப்பை நீண்ட பலகையால் வாரிச் சேர்க்கிறார்கள். சூரியன் கொஞ்சம் மேலே வந்ததும் வெள்ளை நிலம் முழுவதும் கண்ணாடியாகிவிட்டது. எங்களால் ஐந்து நிமிஷம் பார்க்க முடியவில்லை. அதில் விடியுமுன்பே இறங்கியிருந்த பெண்கள், தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் வரிசையாக நடந்தார்கள்.

ஒரு பெண்மணி கூடையை இறக்கிவிட்டு எங்களிடம் வந்தாள். வீட்டு அம்மாளிடம், "எங்கிருந்துக்கா வாறீக?" என்று விசாரித்தாள். கண் கூசவில்லையா என்று அம்மாள் கேட்டதற்கு, "கூசும். பொறவு பளகிரும். பளகுனதுக்குப் பொறவு பார்வை மங்கிரும்" என்று வெகு சாதாரணமாகச் சொன்னாள். மழை மாதங்களில் வேலை கிடையாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் பாத்திகளெல்லாம் கரைந்து போயின என்றும் சொன்னாள். பிறகு, "உங்க ஊருல எந்த உப்புக்கா போடுதீக?" என்று கேட்டாள். அம்மாள் ஒரு பொட்டல உப்பின் பெயரைச் சொன்னாள். அது ஆயிரம் மைலுக்கப்பால் குஜராத்திலிருந்து வருவது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. அந்தப் பெண்மணி அதைக் குறையாக எடுத்துக் கொள்ளவில்லை. "அதுவும் நல்ல உப்புத்தான்" என்று சொல்லி, இரண்டு கை நிறையக் கல்லுப்பை அள்ளி நம் பெண்ணின் தாவணி முந்தானையில் போட்டாள். காசு வாங்க மறுத்துவிட்டாள்.

ஊர் திரும்புமுன் முயல் தீவுக் கடற்கரைக்குப் போனோம். பெயர்தான் தீவு, இப்போது சாலையே இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் ஒட்டகக் கூட்டம்போல் நிற்கின்றன. அவற்றுக்கும் அப்பால், அடிவானத்தில், உள்ளே வர முறை பார்த்துக் கொண்டு நான்கு கப்பல்கள் நின்றன. அவ்வளவு தூரத்தில் அவை நான்கு எறும்புகள். "அந்த இடந்தாம்பா" என்று பெண் மெல்லச் சொன்னாள். பையன் ஒரு கண்ணை மூடிக் கொண்டு, கட்டைவிரலால் ஒவ்வொரு கப்பலையும் மறைத்து மறைத்துப் பார்த்தான்.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அந்த வழியில் 2011 ஜூன் மாதம் மறுபடியும் ஒரு பிரயாணிக் கப்பல் ஓடத் தொடங்கியது. 'ஸ்காட்டியா பிரின்ஸ்' என்று பெயர். அதே வருஷம் நவம்பரில் நின்று போயிற்று. பயணிகள் போதவில்லை என்றார்கள். துப்பாக்கியும் சிறையும் இல்லாத காலத்திலும் கப்பல் நடத்துவது சுலபமல்ல என்பது தெரிகிறது.

ஒட்டப்பிடாரம் வழியாகத் திரும்பினோம். 1872 செப்டம்பர் 5-ல் அவர் பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. ஒரு நூலகமும் உண்டு. நாங்கள் போனபோது பரீட்சைக்குப் படிக்கிற இளைஞர்கள் இரண்டு பேர் மேஜையில் தலை கவிழ்ந்து எழுதிக் கொண்டிருந்தார்கள். சுவரிலிருந்த படத்தை அவர்களும் பார்க்கவில்லை, படத்திலிருந்தவரும் அவர்களைத் தொந்தரவு செய்யவில்லை. 1936 நவம்பர் 18-ல், தூத்துக்குடியில், காங்கிரஸ் ஆபீசில் அவர் உயிர் பிரிந்தது. அந்த ஊர்க் கடல் அவர் கண்ணுக்குக் கடைசிவரை எப்படித் தோன்றிற்றோ!

சேத்தூர் வந்து சேரும்போது இராத்திரி பத்து மணி. முந்தானை உப்பை அம்மாள் ஒரு ஜாடியில் கொட்டி அடுப்பங்கரையில் வைத்தாள். கொஞ்சம் மண் கலந்திருந்தது. கரைத்து வடிகட்ட வேண்டும் என்றாள்.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனபோது பலகையில் சித்திரம் அப்படியே இருந்தது. பிள்ளைகள் பார்த்திருக்க, பலகையையும் கப்பலையும் அழித்தோம். கரையை மட்டும் விட்டோம். கரும்பலகையின் வலது ஓரத்தில், சட்டத்தை ஒட்டி, ஒரு சுண்ணாம்புப் புள்ளி வைத்து, அதற்குமேல் கொஞ்சம் புகை போட்டோம். நடுவிலுள்ள கறுப்பு முழுவதும் கடல் என்றோம். அதில் ஒரு சிறு தோணி வரைந்தோம். தோணியில் மூட்டைகளும் இரண்டு ஆட்களும். "கப்பல் நின்ற இடம் இதுதான். முன்னே சொன்னது தப்பு" என்றோம்.

வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது. கடைசி பெஞ்சிப் பையன் எழுந்து நின்றான்.

"சார், அப்ப அந்தத் தோணிக்காரங்க வெள்ளைக்காரன் கப்பலுக்கும் ஆள் ஏத்திட்டுப் போனாங்களா சார்?"

நாம் சாக்குக்கட்டியைக் கீழே வைத்தோம்.